ஸ்டியரிங் ஆட்டமும் அதன் பரிகாரமும்

தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவன் மோட்டார் வண்டியின் பழுதுகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கக் கூடும். ஆயினும் வண்டியை நம்பி வாழ்வோரே இக்காலத்தில் பலர். அவருள், தந்தையிடமிருந்தோ பாட்டனாரிடமிருந்தோ வந்த பழைய வண்டியொன்றை அன்போடு பேணி ஓட்டுவோர் நம் கல்லூரியின் ஆசிரியரிலும் பழைய மாணவரிலும் உளர். விடுமுறைதோறும் என் சிற்றப்பாவின் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து நான் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை, அத்தகையோர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் இங்கே தொகுத்து உரைக்கின்றேன்.

மோட்டார் வண்டிக்கு வரும் கோளாறுகளுட் பல தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும். எஞ்சின் கெட்டால் புகை எழும். பிரேக் தேய்ந்தால் கீச்சென்னும் ஓசை கேட்கும். பேட்டரி தளர்ந்தால் வண்டி காலையில் கிளம்ப மறுக்கும். ஸ்டியரிங் தளர்ச்சியோ அவ்வாறு அறிவிப்பதில்லை. அது ஆண்டுக்கணக்கில், மயிரிழை மயிரிழையாக வளர்வது. இன்று அரைக்கால் அங்குலம் வீணே திரும்பிய சக்கரம் அடுத்த ஆண்டு கால் அங்குலம் திரும்பும். ஓட்டுபவருடைய கையோ அதற்கேற்பச் சிறிது முன்னதாகவே திருப்பப் பழகிக்கொள்ளும். ஆதலால் ஒரு வண்டியின் ஸ்டியரிங்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு மிகவும் தகாதவர் அதன் சொந்தக்காரரே. ‘என் வண்டி நன்றாகத்தான் போகிறது’ என்று அவர் மனமாரச் சொல்லுவார். அதே வண்டியை முதன்முதல் ஓட்டும் வேறொருவர் நூறு கஜம் செல்வதற்குள் அஞ்சி நிறுத்திவிடுவார். பழகிய கை பொய் சொல்லும் என்பதையே முதலாவதாக வற்புறுத்த விரும்புகிறேன். கையின் சாட்சியத்தை விடுத்து, உறுப்புறுப்பாக ஆராய்ந்து பார்ப்பதே இந்நோய்க்கு வழி.

மாரிஸ் மைனர்

பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுதல் தெளிவு தரும். ஆகையால் மாரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இஸ்ஸிகோனிஸ் என்பாருடைய கருத்தில் உருவாகி, 1948ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிப்பட்டது இவ்வண்டி. முதலிற் செய்த மாதிரி வண்டி மிகவும் ஒடுக்கமாய் இருக்கிறதென்று கருதிய இஸ்ஸிகோனிஸ், அதை நெடுக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்த பின்னரே மனநிறைவு கொண்டார் என்பர். 1961ஆம் ஆண்டு பிறப்பதற்குள் பத்து லட்சம் வண்டிகள் வெளிவந்துவிட்டன. இங்கிலாந்தில் அவ்வெண்ணிக்கையை முதன்முதல் எட்டிய வண்டி இதுவே. 1971ஆம் ஆண்டோடு இதன் உற்பத்தி முடிவடைந்தது. நம் நாட்டிலும் ஹிந்துஸ்தான் மோட்டார் கம்பெனியார் இதனையொட்டிப் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்னும் வண்டியைச் சில ஆண்டுகள் செய்தனர்.

மைனரை ஓட்டியவர்கள் ஒருமுகமாகப் புகழ்ந்தது அதன் ஸ்டியரிங்கையே. நினைத்த மாத்திரத்தில் திரும்புவதும், சாலையின் மேடுபள்ளத்தைக் கைக்கு அறிவிப்பதும் அதன் இயல்பு. ஆதலின் ஒரு மைனர் சாலையில் அலைந்து அலைந்து செல்லுமாயின், ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்லுதல் பொருந்தாது. அது புதிதாயிருந்த நாளில் அப்படி இருந்ததில்லை. முதுமை வேறு, நோய் வேறு.

அமைப்பு

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். நாம் கையாற் பிடிக்கும் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலிருந்து ஒரு தண்டு கீழிறங்குகிறது. அதன் அடியில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உள்ளது. அது ராக் என்னும் பற்சட்டத்தின் மேல் உருள்கிறது. பற்சட்டம் எஞ்சினுக்குப் பின்னே, வண்டியின் குறுக்காக, ஒரு குழாய்க்கூட்டினுள் கிடக்கிறது. பினியன் திரும்ப, சட்டம் இடமும் வலமும் நகரும். சட்டத்தின் இரு முனைகளிலும் உருண்டை மூட்டுக்கள் உண்டு. அவற்றிலிருந்து டை ராட் என்னும் கம்பிகள் இரண்டு முன்சக்கரங்களை நோக்கிச் செல்கின்றன. அக்கம்பிகளின் வெளிமுனையிலும் ஒவ்வோர் உருண்டை மூட்டு. அம்மூட்டு ஸ்டியரிங் கையைத் தள்ளவோ இழுக்கவோ செய்ய, முன்சக்கரம் கிங்பின்னைச் சுற்றித் திரும்புகிறது.

மைனரின் கிங்பின் பிற வண்டிகளில் உள்ளது போன்ற வழவழப்பான ஆணியன்று. அதன் தலையிலும் அடியிலும் திருகாணிக்கு இருப்பதுபோல மரை வெட்டப்பட்டிருக்கும். மேல்மரை ஒரு ட்ரன்னியனுள்ளும், கீழ்மரை மற்றொரு ட்ரன்னியனுள்ளும் திருகி நிற்கும். மேல் ட்ரன்னியன் ஷாக் அப்ஸார்பரின் கையோடும், கீழ் ட்ரன்னியன் கீழ்க்கையோடும் சேர்ந்திருக்கும். கீழ்க்கையோ வண்டியின் நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியைப் பற்றியிருக்கும். வண்டியின் முன்பாரத்தைத் தாங்குவது அம்முறுக்கே. ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் கிங்பின் தன் மரைகளில் சிறிதளவு ஏறியும் இறங்கியும் சுழல்கிறது. இம்மரையை நினைவில் வைத்துக்கொள்க. இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

இவ்வாறு கைக்கும் சாலைக்கும் இடையே பல இணைப்புக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சிறு இடைவெளி விழுந்தால் அவை யாவும் ஒன்றோடொன்று கூடும். கூடிப் பெருகவும் செய்யும். கணக்காற் காண்போம். முன்சக்கரம் ஒரு பாகை திரும்ப ஸ்டியரிங் சக்கரம் 14 பாகை திரும்ப வேண்டியிருக்கும் ஒரு வண்டியைக் கருதுக. ஸ்டியரிங் சக்கரத்தின் குறுக்களவு 16 அங்குலமாயின் அதன் சுற்றளவு ஏறக்குறைய 50 அங்குலம். 14 பாகைக்கு உரிய வில் ஏறக்குறைய 2 அங்குலம். ஆகவே முன்சக்கரத்தில் ஒரே ஒரு பாகை ஆட்டம் இருந்தால், கையானது 2 அங்குலம் வீணே திரும்பிய பின்புதான் வண்டி கேட்கும். ஐந்தங்குல நீளமுள்ள ஸ்டியரிங் கையின் முனையில், மூட்டொன்று ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் முக்கால் அங்குலத்துக்கு மேல் வெறுமையாகிவிடும். பட்டறையில் ‘கொஞ்சந்தான் தேய்ந்திருக்கிறது’ என்னும் சொல்லை நம்பலாகாமைக்குக் காரணம் இதுவே.

நோயின் குறிகள்

‘ஸ்டியரிங் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதனுள் வேறு வேறான நான்கு குறைகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாவிடில் மருந்து மாறிவிடும்.

முதலாவது, ஆட்டம். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்தால், முன்சக்கரம் அசையாமலே கை மட்டும் போய்வரும். மைனர் போன்ற பற்சட்ட வண்டியில் இது இல்லையென்னும்படி இருத்தல் வேண்டும். விளிம்பில் அரை அங்குலத்துக்கு மேற்படின் காரணத்தைத் தேடியே தீர வேண்டும்.

இரண்டாவது, அலைவு. மூட்டுக்களில் ஆட்டம் ஒன்றும் காணப்படாது. எனினும் நேர்சாலையில் வண்டி தன் போக்கில் விலகும். ஓட்டுபவர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பார். ஐம்பது மைல் சென்று இறங்கும்போது தோள் வலிக்கும்.

மூன்றாவது, ஒரு பக்கம் இழுத்தல். கையை விட்டால் வண்டி எப்போதும் இடப்புறமோ வலப்புறமோ செல்லும்; அல்லது பிரேக் போடும்போது மட்டும் இழுக்கும்.

நான்காவது, நடுக்கம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஸ்டியரிங் கையில் உதறும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் நின்றுவிடும். இது பெரும்பாலும் சக்கரத்தின் எடை சமனின்றி இருப்பதால் வருவது. பாலன்ஸ் செய்தால் தீரும். மூட்டுத் தேய்வு அதனை மிகுவிக்கும்.

டயரிலிருந்து தொடங்குக

சுலபமானதை முதலிற் பார்ப்பது செலவைக் குறைக்கும். அலைவு உள்ள வண்டிகளுட் பலவற்றுக்கு வேண்டியது ஸ்பானர் அன்று; காற்று அளக்கும் கருவியே. பழைய குறுக்கிழை டயர் பூட்டிய மைனருக்கு முன்சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு 22 ராத்தல் காற்றே விதிக்கப்பட்டுள்ளது. பெட்ரோல் பங்கில் கேளாமலே அடித்துவிடும் 30 ராத்தல் இக்காலத்து வண்டிகளுக்கு உரியது. அவ்வளவு காற்றை அடைத்தால் மைனர் சாலையில் பந்துபோலத் துள்ளி, பிடிப்பின்றி அலையும். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 26 என்றிருப்பின் இழுக்கும். ஆகையால் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளந்து சரிசெய்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்துக் காண வேண்டுவது டயரின் வகையும் வயதும். ஓர் அச்சில் ரேடியல் டயரும் குறுக்கிழை டயரும் ஜோடியாக வரலாகாது. இரண்டு மட்டும் ரேடியலாயின் அவை பின்னச்சிலேயே இருத்தல் வேண்டும். முன்னச்சில் ரேடியலும் பின்னச்சில் பழைய டயருமாக ஓட்டினால் வளைவில் வண்டியின் வால் வழுக்கும். வயதை அறிவதும் எளிது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்க. ஆண்டுக்குச் சில நூறு மைலே ஓடும் பழைய வண்டியில் டயரின் பூ தேயாமலே அதன் ரப்பர் இறுகி வெடித்துவிடுவதுண்டு. பூ அழகாயிருப்பினும் பத்தாண்டு கடந்த டயரை நம்பலாகாது. தேய்ந்த டயரோவெனின் அது தானே ஒரு சாட்சி. உட்புறம் மட்டுமோ வெளிப்புறம் மட்டுமோ தேய்ந்திருந்தால் சக்கரங்களின் நேர்மை கெட்டிருக்கிறது. திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் மூட்டிலோ ஷாக் அப்ஸார்பரிலோ தளர்ச்சி உண்டு.

நாடி பார்த்தல்

டயரில் குற்றமில்லையெனத் தெளிந்தபின் இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. ஒருவர் வண்டியினுள் அமர்ந்து, சக்கரங்கள் நிலத்தில் நிற்கையிலேயே, ஸ்டியரிங்கை இடமும் வலமும் இரண்டு அங்குலம் சீராக அசைத்துக்கொண்டிருத்தல் வேண்டும். மற்றவர் விளக்கோடு, மேலிருந்து கீழாக, ஒவ்வோர் இணைப்பிலும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இணைப்பின் இருபுறத்திலும் விரல் பதித்தால், ஒருபுறம் அசைந்து மறுபுறம் தாமதித்து அசைவது விரலுக்குத் தெரிந்துவிடும். அசைவு எந்த இடத்திற் புகுந்து வெளிவராமல் நின்றுவிடுகிறதோ அந்த இடமே நோயின் இடம்.

வரிசை பின்வருமாறு: ஸ்டியரிங் தண்டின் மேற்புறத்துப் புஷ், தண்டைப் பினியனோடு இறுக்கும் போல்டு, பற்சட்டக் கூட்டை வண்டியின் உடலோடு பிணைக்கும் பட்டைகள், சட்ட முனையின் உள்மூட்டு, இது ரப்பர் உறைக்குள் மறைந்திருப்பதால் உறையோடு அழுத்திப் பார்க்க வேண்டும், டை ராட்டின் வெளிமூட்டு, கடைசியாக ஸ்டியரிங் கை. இவற்றுட் பட்டைகளைப் பலர் மறந்துவிடுவர். போல்டு தளர்ந்தால் கை திருப்பும்போது சட்டம் நகருவதற்குப் பதிலாகக் கூடே நகரும். புதிய மூட்டுக்கள் பூட்டியும் ஆட்டம் தீரவில்லை என்று வருந்துவோர் சிலருடைய வண்டியில், குறை அவ்விரண்டு பட்டைகளிலேயே இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது, சக்கரத்தை உயர்த்திச் செய்யும் சோதனை. கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உடனே உறுதியான ஸ்டாண்டின்மீது இறக்கிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே தலை நீட்டுவது ஒருபோதும் ஆகாது. பிறகு, கடிகார முகத்தில் 9, 3 என்னும் எண்கள் நிற்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து அசைக்க. ஆட்டமிருந்தால் டை ராட் மூட்டிலோ பற்சட்டத்திலோ குறையுண்டு. அடுத்து 12, 6 என்னும் எண்களின் இடத்தில், மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க. அதில் ஆட்டமிருந்தால் அது சக்கரத்துப் பேரிங்காகவும் இருக்கலாம். கிங்பின் மரையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசைக்க. ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாமல் நின்றால் கிங்பின்னும் ட்ரன்னியனும். மைனரின் முன்பேரிங்குகள் இடையே உறை வைத்து இறுக்கப்படும் குண்டுப் பேரிங்குகளாதலால், தேய்ந்தபின் நட்டை இறுக்கிச் சரிசெய்யும் வகையைச் சேர்ந்தவையல்ல, மாற்றவே வேண்டும்.

மரையில் உறையும் அபாயம்

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு உரிய மற்றக் காரணங்கள் பெரும்பாலும் தொல்லை தருவன. இஃது ஒன்று உயிரையே கேட்பது. மைனரின் கீழ் ட்ரன்னியனுள் மரை முற்றும் தேய்ந்தால், ஒரு நாள் கிங்பின் அதிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அக்கணமே அச்சக்கரம் மடங்கி வண்டியின் கீழே சாயும். கீழ்க்கை சாலையில் மோதும். ஸ்டியரிங் இருந்தும் இல்லாததாகும். பெரும்பாலும் இது வீட்டு வாயிலில் மெல்லத் திருப்பும்போது நிகழ்கிறதென்பது ஓர் ஆறுதலே. ஆயினும் நெடுஞ்சாலையில் நிகழாது என்று எவரும் உறுதி சொல்ல இயலாது.

இம்மரையின் தேய்வு நிலத்தில் நிற்கும் வண்டியிற் புலப்படாது. வண்டியின் பாரம் மரையை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருப்பதால் இடைவெளி மூடியே கிடக்கும். சக்கரத்தைத் தூக்கிப் பாரத்தை நீக்கிய பின்புதான் அது வெளிப்படும். கிரீஸ் இடுவதற்கும் இதே விதி பொருந்தும். பாரம் அழுத்தியிருக்கையில் நிப்பிளில் கிரீஸை எவ்வளவு அடித்தாலும், தேய்கின்ற பக்கத்துக்கு அது செல்லாது; எளிய வழியே பிதுங்கி வெளிவரும். ‘கிரீஸ் அடித்தாயிற்று’ என்று மனம் அமைதி கொள்ளும்; மரையோ உலர்ந்தே கிடக்கும். ஆகையால் ஆயிரம் மைலுக்கு ஒரு முறை, முன்பக்கத்தை உயர்த்தி, பழைய கிரீஸ் வெளிவந்து புதியது தோன்றுமளவும் அடித்து, சக்கரத்தை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, மறுபடியும் அடித்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மரை தேய்ந்துவிட்டதாயின் மாற்றுவதன்றி வேறு மருந்தில்லை. கிங்பின்னையும் ட்ரன்னியனையும் சேர்த்தே மாற்றுவது நலம். பழைய மரையோடு புதிய மரை இசைந்து நில்லாது. வலப்பக்கத்து மரையும் இடப்பக்கத்து மரையும் திசை மாறியவை. வாங்கும்போது இதனை மறத்தலாகாது. பூட்டும்போது முழுவதும் திருகி இறுக்கியபின், சக்கரம் இருபுற எல்லைவரை தடையின்றித் திரும்புமளவு சிறிது பின்வாங்கித் திருக வேண்டும். இது பழகியவர் கையாற் செய்ய வேண்டிய வேலை. டார்ஷன் பாரின் முறுக்குக் கீழ்க்கையை அழுத்திக்கொண்டிருப்பதால், அதைத் தாங்காமல் கழற்றினால் அது எகிறி அடிக்கும்.

இறுக்குவதே மருந்தாகுமோ?

இங்கே ஒரு தவறான வைத்தியத்தை எடுத்துக்காட்டுதல் அவசியம். பற்சட்டக் கூட்டில், சட்டத்தைப் பினியனோடு சேர்த்து அழுத்தும் ஸ்பிரிங் ஒன்றும், அதன் மூடிக்குக் கீழே ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளும் உண்டு. தகட்டை எடுத்துவிட்டு மூடியை இறுக்கினால் ஆட்டம் சிறிது குறைந்ததுபோலத் தோன்றும். பத்து நிமிஷ வேலை. வண்டிக்காரரும் மகிழ்ச்சியோடு செல்வார். ஆனால் நோய் டை ராட் மூட்டிலோ ட்ரன்னியனிலோ இருக்குமாயின், அது முன்னிருந்தபடியே இருக்கும். அதனை அறிவித்துக்கொண்டிருந்த அடையாளம் மட்டும் மறைந்துவிடும்.

இன்னொரு தீமையும் உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பற்சட்டத்தின் நடுப்பற்களே மிகுதியும் தேய்கின்றன. ஓரத்துப் பற்கள் ஏறக்குறையப் புதியனவாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் அறவே இல்லாதபடி இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானே நேர்நிலைக்குத் திரும்பாமல் நின்றுவிடும். ஆட்டமுள்ள ஸ்டியரிங்கைவிடப் பிடித்துக்கொள்ளும் ஸ்டியரிங் கொடியது. ஆகவே தகட்டைச் சரிசெய்வதாயின், மற்ற மூட்டுக்களெல்லாம் நன்றாயிருக்கின்றன என்று கண்ட பிறகே செய்து, சக்கரங்களை உயர்த்தி ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை திருப்பி, எங்கும் தடையில்லாமையைக் கண்டபின்பே விட வேண்டும். சரிசெய்தும் நடுவில் ஆட்டம் நிற்குமாயின் பற்சட்டமே தேய்ந்துவிட்டதென்று அறிந்து மாற்றுக. பற்சட்டத்துக்கு வேண்டியது எண்ணெய், கிரீஸ் அன்று. ரப்பர் உறை கிழிந்தால் எண்ணெய் ஒழுகி மணல் புகும். சில ரூபாய் உறையைக் கவனியாமையால் விலையுயர்ந்த பற்சட்டம் பாழாகும்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தில் இறங்குதல் வேண்டும் என்னும் முறை, வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்தது. பட்டறைக்கும் அது பழுதின்றிப் பொருந்துகிறது.

மற்றைக் காரணங்கள்

டை ராட்டின் வெளிமூட்டுத் தேய்ந்தால் புதியது பூட்டுவது எளிய வேலை. பழைய மூட்டு தன் குழியில் இறுகியிருக்கும். அதன் மரைமுனையைச் சுத்தியால் அடித்துக் கெடுப்பதைவிட, அது நுழைந்திருக்கும் ஸ்டியரிங் கையின் கண்ணைப் பக்கவாட்டில் ஒரு சுத்தியால் தாங்கி மறு சுத்தியால் அடித்தால் தானே கழன்றுவிடும். ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஆணியையோ சாதாரணக் கம்பியையோ வளைத்துச் செருகிவிடுவது சில பட்டறைகளில் உள்ள பழக்கம். அதனை எவ்வாற்றானும் அனுமதிக்கலாகாது.

மூட்டுக்கள் நன்றாயிருந்தும் அலைவு தீராவிடில் ரப்பர் புஷ்களை நோக்குக. சைக்கிளின் முன்கவை சாய்ந்து நிற்பதாற்றான் கையை விட்டாலும் சைக்கிள் நேரே செல்கிறது. அதுபோலவே மோட்டார் வண்டியின் கிங்பின்னும் சிறிது பின்சாய்ந்து நிற்கிறது. அச்சாய்வே ஸ்டியரிங்கை நேர்நிலைக்குத் திருப்புவது. மைனரின் கீழ்க்கையை முன்பின் நகராமற் பிடித்திருப்பன ரப்பர் புஷ்கள். அவை நைந்தால் பிரேக் போடுந்தோறும் கீழ்க்கை பின்செல்லும், சாய்வு மாறும், வண்டி ஒருபுறம் தாவும். எண்ணெய் பட்ட ரப்பர் மெழுகுபோல் இளகிவிடுதலால், எஞ்சின் ஒழுக்கை நிறுத்தாமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவது பயனற்றது.

வியப்பாகத் தோன்றினும், ஸ்டியரிங் குறை வண்டியின் பின்புறத்திலும் பிறக்கலாம். பின்னச்சைப் பட்டை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்டுகள் தளர்ந்தாலும், ஸ்பிரிங் புஷ்கள் தேய்ந்தாலும், பின்சக்கரங்கள் தாமும் சிறிது திரும்பத் தொடங்கும். முன்னே எதைச் செய்தும் தீராத அலைவுக்குப் பலகாலும் இதுவே காரணமாகிறது.

கடைசியில் நேர்மை

எல்லாம் செம்மையான பின்பே முன்சக்கரங்களின் நேர்மையை அளத்தல் வேண்டும். தேய்ந்த மூட்டோடு அலைன்மென்ட் பார்ப்பது ஆடுகின்ற தராசில் பொன் நிறுப்பது போலாம். மைனரின் முன்சக்கரங்கள் முன்புறத்தில் 3/32 அங்குலம் நெருங்கியிருக்க வேண்டும். கருவியில்லாவிடினும் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் பின்விளிம்பில், அச்சின் உயரத்தில், சாக்குக்கட்டியால் குறியிட்டு இடைத்தூரத்தை அளக்க. சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றுமாறு வண்டியை முன்னே தள்ளினால் அதே குறிகள் முன்புறம் வந்துவிடும். அங்கே மறுபடி அளக்க. இரண்டுக்குமுள்ள வித்தியாசமே நெருக்கம். திருத்துவதாயின் இரு டை ராட்டுக்களையும் சம அளவிலேயே திருக வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் பற்சட்டம் நடுநிலை பிறழும். நேரே செல்லும்போது ஸ்டியரிங் சக்கரம் கோணி நிற்கும்.

பிற வண்டிகளில்

அம்பாஸடர் வண்டியிலும் பற்சட்டமே உள்ளதால் மேற்கூறியவற்றுட் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். பிரீமியர் பத்மினி போன்றவற்றிலோ பற்சட்டத்துக்குப் பதிலாக ஸ்டியரிங் பெட்டியும், அதற்கு எதிர்ப்புறத்தில் ஐட்லர் என்னும் துணைக்கையும் உண்டு. இணைப்புக்கள் அவற்றில் இன்னும் மிகுதி; ஆகவே சிறிது ஆட்டம் இயற்கையாகவே இருக்கும். அவற்றிலும் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்குவது கடைசி வேலையாகவே இருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலே மைனரும் ஆஸ்டினும் இன்றும் சாலையில் ஓடுவதைக் காணலாம். 1990க்குப் பின் போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதாயிருந்தபோது, சில துளி பெட்ரோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர் அவ்வூரார். ஊக்கமும் கைத்திறனும் உள்ளவிடத்து ஒரு வண்டி அறுபது எழுபது ஆண்டு உழைக்கும் என்பதற்கு அதுவே போதிய சான்று. எஞ்சினைப் பேணுவதில் காட்டும் அவ்வூக்கத்தை ஸ்டியரிங்கினிடத்தும் காட்டுதல் முறையாகும். எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும்; அவ்வளவே. ஸ்டியரிங் பொய்த்தாலோ ஓடுகின்ற வண்டி ஆளின்றி ஓடும். அதன் எதிரே வருபவர் நம் வண்டியின் அருமையையும் பழமையையும் அறியாதவர். சைக்கிளில் செல்லும் தொழிலாளியும் பள்ளி விட்டு வரும் சிறுவரும் நம் ட்ரன்னியனைச் சோதிக்க வல்லவரல்லர். அவர்களுக்காகவும் சோதிக்க வேண்டியவர் நாமே.

ஆகையால் பழைய வண்டியுடையோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்திச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அத்துடன், அவ்வண்டியை ஓட்டிப் பழகாத நண்பர் ஒருவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்து, அமைதியான சாலையில் இரண்டு மைல் ஓட்டச் செய்து, பக்கத்தில் வாய் பேசாமல் அமர்ந்திருங்கள். அவர் முகம் சுளித்தால் வண்டியை அன்றே பட்டறைக்கு அனுப்புங்கள்.